மின் பிரஷர் குக்கரும் நம் கடை அரிசியும்



அரிசி வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய புகார் ஒன்று உண்டு. "போன தடவை வாங்கினது நல்லா இருந்துச்சு, இந்தத் தடவை குழைஞ்சு போச்சு" என்பதே அது. முன்பெல்லாம் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வரும் மாசி, பங்குனி மாதங்களில்தான் இந்தப் பேச்சு எழும். இப்போது ஆண்டு முழுவதும் எழுகிறது. ஒரே மூட்டையில் இருந்து எடை போட்டுக் கொடுத்த அரிசியை ஒரு வீட்டார் மெச்சுகிறார்கள். அடுத்த வீட்டார் பையோடு திருப்பிக் கொண்டுவந்து நிற்கிறார்கள். அரிசி ஒன்றுதான். அடுப்படியில் பானை மாறிவிட்டது.

வாடிக்கையாளர் வீட்டில் எந்தப் பானையில் சோறு வேகிறது என்று தெரியாமல் அரிசி விற்கும் காலம் போய்விட்டது. மின் பிரஷர் குக்கர் பரவலாகி வரும் இந்நாளில், சில்லறைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே எழுதுகிறோம்.

செவிலிமேட்டில் என்ன நடக்கிறது?

எங்கள் செவிலிமேடு பாலாற்றங்கரை ஊர். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஆலைகளில் இருந்து வரும் அரிசி லாரிகள் இங்குள்ள பாலாற்றுப் பாலத்தைக் கடந்துதான் காஞ்சிபுரத்துக்குள் நுழைகின்றன. ஆரணி, களம்பூர் சரக்கும் நமக்குப் பழக்கமானதே. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி நெசவாளர் குடும்பங்கள்.

பட்டுச் சேலையில் கோர்வைக் கரை நெய்வதற்குத் தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கரைக்கு உரிய நாடாவைத் தள்ளித் தரத் துணை ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்தத் துணை ஆள் வீட்டு அம்மாவேதான். அடுப்பில் உலை வைத்துவிட்டு, கொதித்ததா, பொங்கியதா, பதம் வந்ததா என்று நடுவில் எழுந்து எழுந்து போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அரிசியையும் தண்ணீரையும் போட்டு மூடி, பொத்தானை அழுத்திவிட்டு வேலையில் உட்காரலாம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமில்லாமல் வழங்கப்பட்ட பிறகு, மின்சாரத்தில் சமைக்க இருந்த தயக்கமும் குறைந்தது. 1000 வாட் குக்கர் ஒன்று கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் கால் யூனிட்தான் ஆகும். ஆகவே இந்தப் பாத்திரம் இனிமேல் திரும்பிப் போகப் போவதில்லை.

குக்கர் எல்லாம் ஒன்றல்ல

வாடிக்கையாளர் "கரண்டு குக்கர்" என்று சொன்னால் நாம் உடனே புரிந்ததாக எண்ணிவிடக் கூடாது. அந்தப் பெயரில் இரண்டு சாதனங்கள் உள்ளன.

முதலாவது, சாதாரண மின் சாதக் குக்கர். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் மூடி பூட்டாது. ஆவி வெளியே போய்க்கொண்டே இருக்கும். பானையில் தண்ணீர் இருக்கும் வரை அடிப்பகுதியின் சூடு 100 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். தண்ணீர் முழுவதும் அரிசிக்குள் போனதும் அடியில் சூடு ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து விசை தானாகத் தட்டிக்கொள்ளும். தண்ணீர் அதிகம் வைத்தால் அது வற்றும் வரை வேகும், சோறு குழையும். குறைவாக வைத்தால் வேகும் முன்பே விசை விழுந்துவிடும். அங்கே வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்.

இரண்டாவது, மின் பிரஷர் குக்கர். ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தை டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-லேயே லண்டனில் செய்து காட்டினார். நம் வீட்டு விசில் குக்கர் அந்த வழியில் வந்ததே. அதற்கு மின்சாரத்தையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்ததுதான் மின் பிரஷர் குக்கர். 2010-இல் கனடாவில் இருந்து வந்த இன்ஸ்டன்ட் பாட் இதை உலகம் முழுவதும் பெயர்பெறச் செய்தது. இதன் மூடி பூட்டிக்கொள்ளும். உள்ளே சூடு ஏறக்குறைய 115 டிகிரி வரை போகும். அடுப்பில் வைக்கும் விசில் குக்கரில் 120 டிகிரி வரை போகும்.

இங்கேதான் புகாருக்கு மூல காரணம் இருக்கிறது. அடுப்புக் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் ஆவியை வெளியே விடுகிறது. அந்த ஆவி நாம் ஊற்றிய தண்ணீர்தான். மின் பிரஷர் குக்கர் விசில் அடிப்பதில்லை. அழுத்தம் வந்ததும் சூட்டைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஊற்றிய தண்ணீர் அநேகமாக முழுவதும் உள்ளேயே நிற்கிறது. அடுப்பில் வைத்தபோது ஊற்றிய அதே அளவை இதிலும் ஊற்றினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? சோற்றுக்குள்தான் போகும். அம்மா கைப்பக்குவம் மாறவில்லை, அரிசியும் மாறவில்லை. ஆனால் பழி கடைக்காரர் தலையில் விழுகிறது.

பதம் பார்க்க முடியாத பானை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. கஞ்சி வடிக்கும் வீட்டில் அகப்பையில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். பதம் வந்த நொடியில் இறக்கி வடித்துவிடுவார்கள். அரிசி கொஞ்சம் புதிதாக இருந்தாலும், கலந்து இருந்தாலும், அந்தக் கையும் கண்ணும் சரிக்கட்டிவிடும். கரைந்த மாவு கஞ்சியோடு போய்விடும். காஞ்சிபுரத்தில் பட்டு இழைக்கு விறைப்பும் பலமும் வரக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து உலர்த்தும் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், வடித்த கஞ்சியில் எவ்வளவு பசை உண்டு என்பது விளங்கும். பூட்டிய பானையில் அந்தப் பசை முழுவதும் சோற்றிலேயே தங்குகிறது. மூடியைத் திறந்து பார்க்கவும் வழியில்லை.

ஆகவே பதம் பார்க்கும் வேலை அடுப்படியில் இருந்து கடைக்கு வந்துவிட்டது. இன்ன ரகம், இவ்வளவு பழையது, இவ்வளவு தண்ணீர் என்று நாம் சொல்லும் சொல்தான் இனி அந்த ஒரு சோறு.

அரிசிக்கு அரிசி தண்ணீர் வேறு

நமக்குத் தெரிந்த செய்திதான் என்றாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். அறுவடையாகிச் சில மாதங்களே ஆன அரிசி மென்மையானது. கொஞ்சம் தண்ணீரிலேயே வெந்து, ஒன்றோடொன்று ஒட்டும். பொங்கலுக்கு அது அருமை, சாப்பாட்டுக்கு ஆகாது. ஓராண்டு இருப்பில் வைத்த அரிசி இறுகிவிடும். அதிகத் தண்ணீர் வாங்கும், நன்றாகப் பூத்து வரும், பருக்கை பருக்கையாக நிற்கும். பச்சரிசி சீக்கிரம் வேகும். புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒரு முறை வெந்து, உலர்ந்து, இறுகியது. ஆகவே மெதுவாகத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஸ்டீம் அரிசி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

மின் பிரஷர் குக்கரில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பிடித்த பக்குவத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு இது. ஒரு கப் புதுப் பச்சரிசிக்கு ஒன்றரைக் கப் தண்ணீர். ஓராண்டு பழைய பச்சரிசிக்கும் ஸ்டீம் அரிசிக்கும் இரண்டு கப். புழுங்கல் அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து இரண்டரைக் கப். பாசுமதியை 20 நிமிடம் ஊறவைத்து வடித்தபின் ஒரு கப் போதும். அழுத்தம் வந்த பிறகு பச்சரிசிக்கு 5 அல்லது 6 நிமிடம், ஸ்டீம் அரிசிக்கு 8, புழுங்கலுக்கு 12. அதன் பின் 10 நிமிடம் தொடாமல் விட்டு மூடியைத் திறக்க வேண்டும். இது தொடக்க அளவு. முதல் நாள் சமைத்துப் பார்த்துக் கால் கப் கூட்டியோ குறைத்தோ தங்கள் வாய்க்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம்.

"கப்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கப் பல குக்கர்களில் 180 மில்லி பிடிக்கும். ஜப்பானியர்கள் அரிசி அளக்கும் கோ என்ற அளவில் இருந்து வந்தது அது. பானையின் உள்ளே போட்டிருக்கும் கோடுகளும் அந்தக் கப்புக்கு உரியவை. வீட்டு டம்ளரில் அரிசியை அளந்துவிட்டுக் கோட்டைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் கணக்குத் தப்பும். அந்தக் கோடும் "ரைஸ்" என்று எழுதிய பொத்தானும் பெரும்பாலும் வெள்ளைப் பச்சரிசியை மனதில் வைத்து அமைத்தவை. நம் புழுங்கல் அரிசியை அவை அறியா. ஆகவே வாடிக்கையாளரிடம் "கோட்டை விடுங்கம்மா, எதில் அரிசி அளக்கிறீங்களோ அதிலேயே தண்ணியும் அளங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னும் மூன்று குறிப்புகள். அரிசியை நன்றாகக் களைய வேண்டும். பாலிஷ் மாவு தங்கினால் நுரை கட்டி ஆவி வால்வை அடைக்கும், அடியும் பிடிக்கும். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பானையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் மின்சாரம் போனால் மூடியோடு போராடக் கூடாது. அழுத்தம் தானாக இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

சோறு ஊசிப்போனாலும் அரிசியைக் குறை சொல்வார்கள். குக்கரை அணைத்துவிட்டு மூடியபடியே காலை முதல் இரவு வரை வைத்தால் எந்த அரிசியும் ஊசும். சூடு காக்கும் விசையில் வைத்தால் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கட்டும், அல்லது வழக்கம்போல் ஆறிய சோற்றில் நீர் ஊற்றட்டும்.

கலப்பு இனி மறையாது

இனிக் கொஞ்சம் கசப்பான செய்திக்கு வருகிறோம். நம் தொழிலில் புது அரிசியைப் பழையதோடு கலப்பதும், ஒரு ரகத்தை வேறு ரகத்தின் பெயரில் விற்பதும் சில இடங்களில் நடக்கிறது. பொன்னி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் மசூரி நெல்லில் இருந்து வந்த வெள்ளைப் பொன்னியை மேம்படுத்தி, 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 வேறு ரகம். அது நல்ல அரிசிதான், கேட்டு வாங்குவோரும் உண்டு. ஆனால் அது ஆந்திராப் பொன்னி என்றும், பிறகு வெறும் பொன்னி என்றும் பெயர் மாறி மாறிக் கடைக்கு வருகிறது. வாங்குகிறவர் இம்மாதம் ஒன்றும் அடுத்த மாதம் வேறொன்றும் கொண்டுபோகிறார்.

கலந்த அரிசி வடிக்கிற பானையில் ஓரளவு தப்பித்துவிடும். பூட்டிய பானையில் தப்பாது. புது அரிசிக்குத் தக்கபடி தண்ணீரும் நேரமும் வைத்தால் பழையது நடுவில் வேகாமல் நிற்கும். பழையதற்குத் தக்கபடி வைத்தால் புதியது கூழாகும். எந்த அளவும் சரிவராது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் ஓர் ஆலையில் இருந்து ஓராண்டுப் பழைய சரக்கு என்று 100 மூட்டை எங்களுக்கு வந்தது. பில்லிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எந்தச் சரக்கு வந்தாலும் கடைகளுக்கு அனுப்பும் முன் ஒரு கப் சமைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டு கப் தண்ணீரில் அது களியாக வந்தது. ஆலைக்காரரிடம் பேசினோம். "உங்க குக்கர்ல கோளாறு இருக்கும், முதலாளி" என்றார். அதே குக்கரில், அதே அளவுத் தண்ணீரில் முந்திய இருப்பைச் சமைத்து, இரண்டு தட்டையும் அவர் அனுப்பிய ஆள் முன்னால் வைத்தோம். அதற்குமேல் பேச்சில்லை. சரக்கு திரும்பிப் போனது. எங்களுக்கு மூன்று நாள் வியாபாரமும் இறக்குகூலியும் நட்டம். அந்த 100 மூட்டையும் இருபது முப்பது கடைகளுக்குப் போய், அங்கிருந்து சில நூறு வீடுகளுக்குப் போயிருந்தால் நட்டம் யாருக்கு? கூலிப் பணத்தில் மாத அரிசி வாங்கிப் போட்ட வீட்டில், அந்த மாதம் முழுவதும் களியைத்தான் தின்றிருப்பார்கள். அவர்களிடம் முகம் கொடுத்து நின்றிருக்க வேண்டியவர் சில்லறைக் கடைக்காரர். அடுத்த மாதம் அந்த வீடு வேறு கடைக்குப் போயிருக்கும்.

சில்லறைக் கடையின் பலம்

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையில் முன்கூட்டியே கட்டி, விவரம் அச்சிட்ட அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு 26 கிலோ மூட்டைகள் சந்தையில் பெருகியதை நாம் எல்லோரும் அறிவோம். 26 கிலோவை ஒரே தடவையாக வாங்க முடியாத குடும்பம் நம் கடையில் 2 கிலோ, 5 கிலோ என்று உதிரியாக வாங்குகிறது. மூட்டை மேல் அச்சிட்ட ரகமும் தேதியும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. அவர்களுக்கு நம் வாய்ச்சொல்தான் அச்சு.

பெரிய அங்காடியில் வரிசையாகப் பை அடுக்கியிருக்கும். எந்தப் பையும் "உங்க வீட்டுல என்ன குக்கர்?" என்று கேட்காது. வாங்குகிறவரின் முகம் தெரிந்து, வீடு தெரிந்து, அவர் வாய்ப்பக்குவமும் தெரிந்து விற்கும் வசதி நமக்கு மட்டுமே உண்டு. ஆகவே சில்லறை நண்பர்கள் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வடிக்கிறீர்களா, குக்கரா? குக்கர் என்றால் மூடி பூட்டுமா, பூட்டாதா? சோறு உதிரியாக வேண்டுமா, குழைவாக வேண்டுமா? இதற்கு அரை நிமிடம் ஆகும்.

"ஏம்மா, போன வாரம் வாங்கினது எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் குழைவாத்தான் வந்துச்சு, அண்ணே. புது குக்கர் வாங்கியிருக்கோம்."

"பூட்டுற மூடியா? அப்ப மூணு டம்ளர் ஊத்துற இடத்துல ரெண்டரை ஊத்துங்க. சரியா வரலைன்னா வந்து சொல்லுங்க."

இப்படிப் பேசிக் கொடுத்த அரிசி திரும்பி வருவது அரிது. வந்தாலும் கோபத்தோடு வராது.

நாம் செய்ய வேண்டியது

மொத்த வியாபாரிகள் ஆலையில் கொள்முதல் செய்யும்போதே ரகம், எந்தப் பட்டத்து நெல், அரைத்த மாதம் ஆகியவற்றைக் கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம் உண்டு. பட்டம் தெரிந்தால் அரிசியின் வயது தெரியும். சரக்கு இறங்கியதும் ஒரு கப் சமைத்துப் பார்த்து, சரியாக வந்த தண்ணீர் அளவை மூட்டையின் மேல் மையால் எழுதிக் கடைகளுக்கு அனுப்பலாம். சில்லறைக் கடைக்காரர் அந்த எழுத்தைப் பார்த்து வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். பட்டம் மாறும்போது, "இது புதுச் சரக்கு, அரைக் கப் குறைச்சு ஊத்துங்க" என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். புதியதைப் புதியது என்று சொல்லி, விலையிலும் அதற்குத் தக்கபடி குறைத்துக் கொடுத்தால், பொங்கலுக்கும் இட்லிக்கும் அதைக் கேட்டு வாங்கவும் ஆள் உண்டு.

இதற்கெல்லாம் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு குக்கர், ஒரு கப், ஒரு மைப்பேனா போதும். நம் பாட்டனார் காலத்தில் அரிசியைப் பல்லில் கடித்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து தரம் சொன்னார்கள். அந்த அறிவை விட்டுவிட வேண்டியதில்லை. அதோடு இந்தக் கப் அளவையும் சேர்த்துக்கொள்வோம். எடையில் சரியாக இருப்பது நம் கடமை என்று ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அந்த அரிசி வாடிக்கையாளர் இலையில் சரியான சோறாக விழுவதும் நம் பொறுப்பே என்று எண்ணி நடந்தால், எத்தனை அங்காடி வந்தாலும் தெருமுனைக் கடைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.